12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள் - யாருக்கு இந்த அறிவுரை?

"பகல் 12 மணி முதல் 3 மணி வரை பொதுமக்கள் வெளியே வர வேண்டாம்." கோடை பிறந்தால் போதும், தொலைக்காட்சி, செய்தித்தாள், வாட்ஸ்அப் என்று எல்லாப் பக்கமும் இந்த அறிவிப்புதான். கூடவே இளநீர் குடியுங்கள், மோர் குடியுங்கள், பருத்தி ஆடை அணியுங்கள்..

நல்ல அறிவுரைதான். ஆனால் யாருக்கு?

கொத்தனாரும் சித்தாளும் அந்த மூன்று மணி நேரம் எங்கே போவார்கள்? சூளையில் செங்கல் அறுப்பவர், தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருபவர், சாலையில் தார் ஊற்றுபவர், பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு வருபவர்.. இவர்களெல்லாம் "பொதுமக்கள்" இல்லையா? வெளியே வராதே என்று சொல்பவர்களின் மதியச் சாப்பாடே அந்த 12 முதல் 3 மணி வெயிலில்தான் வாசலுக்கு வந்து சேர்கிறது!

புவி வெப்பமடைதல் என்றாலே உருகும் பனிப்பாறையும் மெலிந்த பனிக்கரடியும்தான் பலர் நினைவுக்கு வருகின்றன. பனிக்கரடிக்காக வருத்தப்படுவதில் தவறில்லை. ஆனால் கட்டிடத்தின் நாலாவது மாடியில் செங்கல் சுமக்கும் பெண்ணுக்கும் அதே பிரச்சினைதான் என்பது ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை?

"வெயில் என்ன புதுசா? அக்னி நட்சத்திரம் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறதே" என்று ஒரு கூட்டம் சொல்லும். இருந்ததுதான். ஆனால் அது பஞ்சாங்கக் கணக்கு. கரியமில வாயு வேறு கணக்கு. இந்த வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று 1859ல் ஜான் டின்டால் சோதனைச்சாலையில் காட்டினார். அது காற்றில் கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896ல் ஸ்வீடன் நாட்டு அர்ரீனியஸ் கையாலேயே கணக்குப் போட்டார். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அளவெடுக்கத் தொடங்கியதிலிருந்து மிக வெப்பமான ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு 2024ஐ அறிவித்தது.

"இதெல்லாம் சூரியனின் வேலை" என்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பது அதுவல்ல. தரையை ஒட்டிய அடுக்கு சூடாகிறது. அதற்கு மேலே உள்ள ஸ்ட்ரேட்டோஸ்பியர் குளிர்கிறது. கீழே போர்வை தடித்தால்தான் இப்படி நடக்கும்.

சரி, ஒன்றிரண்டு டிகிரி கூடினால் என்ன? உடம்பைக் கேட்டால் தெரியும். மனித உடம்பு 37 டிகிரியில் இயங்கும் எந்திரம். வெளியே சூடு கூடினால் அது தப்பிக்க ஒரே வழி வியர்வை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர ஆவியாகாது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் 38 டிகிரி, உள்நாட்டு ஊரின் 42 டிகிரியை விட மோசமாக வாட்டுவது இதனால்தான்.

இதை அளக்க ஒரு முறை இருக்கிறது. தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கும் வெப்பநிலை, அதாவது ஈரக்குமிழ் வெப்பநிலை. அது 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பவர் கூட சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2022ல் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரக்காற்றில் அந்த எல்லை 31 டிகிரி அளவிலேயே வந்துவிட்டது. நல்ல ஆரோக்கியமான இளைஞர்கள், செய்ததோ லேசான வேலை! தலையில் சிமெண்ட் சட்டி சுமக்கும் ஐம்பது வயதுக்காரரின் எல்லை எங்கே இருக்கும்?

தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. செங்கல் சூளை, உப்பளம், வயல் போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் உட்பட சுமார் 800 கர்ப்பிணிப் பெண்களைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து 2024ல் முடிவை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் ஆபத்து இரண்டு மடங்கு! இந்தப் பெண்களிடம் போய் "வெளியே வராதீர்கள்" என்று சொன்னால், "அப்போ கூலியை யார் தருவது?" என்றுதான் கேட்பார்கள்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால் செத்த பிறகு கிடைக்கும் 4 லட்சத்தை விட, சாகாமல் இருக்க கூலியோடு கூடிய மூன்று மணி நேர ஓய்வு மலிவானதல்லவா?

"வேலையை நிறுத்தினால் பொருளாதாரம் என்னாவது?" என்பது அடுத்த கேள்வி. நிறுத்தாமலேயே அது நின்றுகொண்டுதான் இருக்கிறது. வெப்பத்தால் 2030ல் இந்தியா தன் வேலை நேரத்தில் 5.8 சதவீதத்தை, அதாவது சுமார் 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமமான உழைப்பை இழக்கும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019லேயே எச்சரித்தது.

முடியாத காரியமும் அல்ல. பக்கத்துக் கேரளத்தில் கோடை வந்தால் தொழிலாளர் துறையே வேலை நேரத்தை மாற்றி, நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கத் தடை விதிக்கிறது. தொழிலாளர் நலனுக்குப் பெயர்போகாத கத்தாரில் கூட 2021 விதிப்படி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. அங்கே கட்டிட வேலைக்குப் போன தமிழர்களைக் கேட்டால் சொல்வார்கள். வளைகுடாவில் கிடைக்கும் நிழல் சொந்த ஊரில் கிடைக்காதா?

உடனே சிலர் மரக்கன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மரம் நடட்டும். ஆனால் இன்று நட்ட கன்று நிழல் தர பத்து வருடம் ஆகும். சித்தாளுக்கு நிழல் இந்த மே மாதமே வேண்டும். இன்னும் சிலர் ஏசி வாங்கிப் பிரச்சினையை முடித்துக்கொள்வார்கள். அந்த ஏசி அறையின் சூட்டை எங்கே தள்ளுகிறது? தெருவில் நிற்பவர் மேல்தான்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? ஆண்டுக்கு ஓர் அமெரிக்கர் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு சுமார் 14 டன். ஓர் இந்தியர் சுமார் 2 டன். அந்த 2 டன்னும் கார், விமானம், ஏசி வைத்திருப்பவரையும் சேர்த்த சராசரி. சூளையில் கல் அறுப்பவரின் பங்கு அதில் எவ்வளவு இருக்கும்? பூமியைச் சூடாக்கியவர்கள் வேறு, அந்தச் சூட்டில் வேகிறவர்கள் வேறு. "மனிதகுலம் செய்த தவறு" என்று பொதுவாகச் சொல்லி இந்த வித்தியாசத்தை மறைப்பதுதான் பெரிய தவறு.

மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளிக்கு நிவாரணம் தரத் தெரிந்த மாநிலம் இது. மழைக்கு முடிந்தது வெயிலுக்கும் முடியும். நேரத்தை மாற்றி வேலை, வேலையிடத்தில் நிழல், குடிநீர், கழிப்பறை, ஓய்வு நேரத்துக்கும் கூலி. இவற்றை அறிவுரையாக அல்ல, சட்டமாகக் கொண்டு வர வேண்டும். மீறும் ஒப்பந்தக்காரருக்கு அபராதம் வேண்டும்.

அதுவரை அடுத்த கோடையில் அந்த அறிவிப்பை வெளியிடுபவர்கள், "வெளியே வராமல் சாப்பிட வழியுள்ளவர்களுக்கு மட்டும்" என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடலாம். உண்மையாவது மிஞ்சும்!