எங்கள் மாவட்டம் எழுதாமல் விட்ட இரவு

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டதை யார் யார் படமாக எடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 2006-இல் ஏ.எம்.ஆர். ரமேஷ் கன்னடத்தில் 'சயனைட்' எடுத்தார். பெங்களூரை அடுத்த கோணனகுண்டே வீட்டில் கொலையை நடத்திய சிவராசனும் மற்றவர்களும் பதுங்கியிருந்த கடைசி நாட்கள்தான் அதன் கதை. தமிழில் அது 'குப்பி' என்று வந்தது. அந்தத் தேடலில் பங்கெடுத்த ராணுவ அதிகாரி மேஜர் ரவி 2007-இல் மம்முட்டியை வைத்து மலையாளத்தில் 'மிஷன் 90 டேஸ்' எடுத்தார். 2013-இல் இந்தியிலிருந்து ஷூஜித் சர்க்காரின் 'மெட்ராஸ் கஃபே' வந்தது. 2025-இல் நாகேஷ் குக்குனூர் விசாரணையை மையமாக வைத்து 'தி ஹண்ட்' என்ற தொடரை எடுத்தார். கன்னடர்கள் தங்கள் ஊர் வீட்டைச் சொன்னார்கள். கேரளத்து அதிகாரி தன் வேலையைச் சொன்னார். மும்பைக்காரர்கள் உளவுத் துறையைச் சொன்னார்கள். குண்டு வெடித்த மண்ணின் மக்களான நாங்கள் எதையும் சொல்லவில்லை.

நாங்கள் என்று நான் சொல்வது பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களை, இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களை. என் ஊர் தென்னேரி. வாலாஜாபாத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இடைப்பட்ட ஏரிக்கரை ஊர். சுங்குவார்சத்திரம் போய் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஏறினால் அடுத்த பெரிய ஊர் ஸ்ரீபெரும்புதூர். மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் தறிக்காரர், ஏர்பிடிப்பவர், இப்போது கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர் என எல்லாருக்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஊர்தான். உறவு உண்டு, சந்தை உண்டு, ராமானுஜர் பிறந்த தலம் என்பதால் திருவிழாவுக்குப் போன நினைவும் உண்டு. எங்கள் கையெட்டும் தூரத்தில் நடந்த ஒன்றை வெளியூர்க்காரர்கள் தவறாகக் காட்டினார்கள் என்று இத்தனை வருடம் கோபப்பட்டோம். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. அதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் நிற்கும் கடன் ஒன்று உண்டு, அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

'மெட்ராஸ் கஃபே' மீதான குற்றச்சாட்டுகளில் பெரும்பாலானவற்றை இன்றும் நான் ஏற்கிறேன். முதலில் 'யாழ்ப்பாணம்' என்ற ஊர்ப் பெயரையே தலைப்பாக வைத்து அறிவிக்கப்பட்ட படம் அது. விடுதலைப் புலிகள் 'எல்.டி.எஃப்.' ஆனார்கள், பிரபாகரனை நினைவூட்டும் 'அண்ணா பாஸ்கரன்' வேடத்தில் தமிழ் நடிகர் அஜய் ரத்னம் நடித்தார், ராஜீவ் பெயரில்லாத முன்னாள் பிரதமர் ஆனார். ஜான் ஆபிரகாம் நடித்த விக்ரம் சிங் என்ற உளவு அதிகாரியின் கண் வழியாகத்தான் கதை முழுவதும் நகர்கிறது. ஈழத்தமிழர் அதில் சாகிற கூட்டமாகவோ கொல்கிற கூட்டமாகவோ வருகிறார்கள். வீடு, வேலை, சமையல், சண்டை, சிரிப்பு என்று வாழ்கிற மனிதராக வருவது அரிது. அந்தப் பெரிய துயரம் டெல்லி அதிகாரி ஒருவரின் மனவேதனையாகச் சுருங்கிவிடுகிறது. படத்தின் ஒலிக்குத் தேசிய விருது கிடைத்தது. அந்த ஒலியில் எங்கள் பேச்சு எவ்வளவு இருந்தது என்பதுதான் எனக்குள்ள குறை.

2013 ஆகஸ்ட் 23 அன்று படம் வெளியானபோது தமிழ்நாட்டுத் திரையரங்குகள் அதை எடுக்கவில்லை. எதிர்ப்பு அவ்வளவு வலுவாக இருந்தது. இங்கிலாந்திலும் புலம்பெயர்ந்த தமிழர்கள் எதிர்த்தார்கள், அங்கும் சில அரங்குகள் பின்வாங்கின. எட்டு வருடம் கழித்து 'தி ஃபேமிலி மேன்' இணையத் தொடரின் இரண்டாம் பாகம் வந்தபோதும் அதே காட்சி. சமந்தாவின் முகத்தைக் கறுப்பாக்கியதும், போராளிப் பெண்ணைக் காட்டிய விதமும், ஈழப் போராட்டத்தையும் வெளிநாட்டு உளவுச் சதியையும் ஒரே கயிற்றில் கட்டியதும் பலரைக் காயப்படுத்தின. வைகோவும் சீமானும் கண்டித்தார்கள். மாநில அமைச்சர் மனோ தங்கராஜ் ஒன்றிய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். நாங்களும் அவர்களோடு சேர்ந்து குரல் கொடுத்தோம். ஒரு படத்தைத் தடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தடுக்கச் சொல்லிக் கிளம்பிய எங்களிடம் அதற்கு மாற்றாக வைக்க ஒரு நாவலோ நாடகமோ, நாலு பேரின் வாய்மொழிப் பதிவோ இல்லை.

தமிழிலும் ஒரு முயற்சி நடந்தது. கொலை நடந்த சில ஆண்டுகளிலேயே ஆர்.கே. செல்வமணி 'குற்றப்பத்திரிகை' எடுத்தார். தணிக்கைச் சிக்கலில் மாட்டிப் பத்தாண்டுக்கும் மேல் பெட்டிக்குள் கிடந்தது. 2007-இல் வெட்டுப்பட்டு வெளிவந்தபோது எங்கள் ஊர்ப் பக்கம் அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்தப் படம் நல்ல படமா என்பது வேறு கேள்வி. தமிழில் ஒருவர் சொல்ல முன்வந்தது பெட்டியில் கிடந்த காலம் முழுவதும் அதை வெளியிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

இந்தக் கதை ஏன் எல்லாரையும் த்ரில்லர் பக்கம் இழுக்கிறது என்பது புரியாமல் இல்லை. ஹரிபாபு என்ற புகைப்படக்காரர் அந்த இடத்திலேயே இறந்துபோகிறார், கேமரா உடையாமல் கிடைக்கிறது. அதில் சந்தன மாலையோடு நிற்கும் பெண்ணும் ஜிப்பா போட்ட ஆளும் இருக்கிறார்கள். மாலை மவுண்ட் ரோடு பூம்புகார் கடையில் வாங்கியது. தொண்ணூறு நாளில் வேட்டை கோணனகுண்டேயில் முடிகிறது. எந்தத் திரைக்கதை ஆசிரியரும் மயங்கக்கூடிய சரடு இது. ஆனால் இந்தச் சரட்டைப் பிடித்துப் போனால் கேமரா வேட்டையாடுகிறவன் பின்னாலும் வேட்டையாடப்படுகிறவன் பின்னாலும் மட்டுமே போகும். அந்த மைதானத்தில் நின்றவர்கள் முதல் பத்து நிமிடத்தில் புகையோடு போய்விடுவார்கள்.

யார் நின்றார்கள் அங்கே? ராஜீவ் விசாகப்பட்டினத்திலிருந்து மீனம்பாக்கம் வந்து, போரூரிலும் பூவிருந்தவல்லியிலும் நின்று பேசிவிட்டு, மரகதம் சந்திரசேகருக்கு வாக்குக் கேட்க இரவு பத்து மணி அளவில் வந்து சேர்ந்தார். அதுவரை காத்திருந்த கூட்டம் அங்கே இருந்தது. அவர் முன்னால் கவிதை சொல்லிக் காட்ட ஆசையோடு வந்த சிறுமியும் அவளுடைய அம்மாவும் இருந்தார்கள். இருவரும் வீடு திரும்பவில்லை. உடலில் குண்டு கட்டி வந்த தனுவை நெருங்கவிடாமல் தடுத்த பெண் உதவி ஆய்வாளர் இருந்தார். அவர் படுகாயத்தோடு பிழைத்தார். காவல்துறையில் ஒன்பது பேர் இறந்தார்கள். பந்தலில் கயிறு கட்டியவர்கள், மைக் செட் போட்டவர்கள், கடை விரித்தவர்கள், மறுநாள் காலை அந்த மைதானத்தைப் பார்த்தவர்கள், காயம்பட்டவர்களை வண்டியில் ஏற்றியவர்கள் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அந்த வருடம் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நாற்பதாக இருந்தவர்களில் பலரை நாங்கள் கேட்காமலேயே அனுப்பிவிட்டோம்.

விசாரித்தவர்கள் எழுதினார்கள். சிறப்புப் புலனாய்வுக் குழுவின் தலைவர் டி.ஆர். கார்த்திகேயன் ஆங்கிலத்தில் எழுதினார், தலைமைப் புலனாய்வு அதிகாரி கே. ரகோத்தமன் தமிழில் எழுதினார். தண்டிக்கப்பட்டவர்களும் எழுதினார்கள். தூக்குக் கொட்டடியிலிருந்து பேரறிவாளன் எழுதிய முறையீடு பல மொழிகளுக்குப் போனது. சினிமாக்காரர்கள் இவற்றையும் வழக்கு ஆவணங்களையும் படித்துத்தான் திரைக்கதை செய்தார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நின்றவர்களின் நினைவு என்று ஒரு புத்தகம் கேட்டு எந்தப் படக்குழுவாவது எங்கள் நூலகங்களுக்கு வந்திருந்தால் நாங்கள் எதை எடுத்துக் கொடுத்திருப்போம்?

ஏன் பேசாமல் இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய காரணம் பயம். தடா சட்டம் இருந்தது. காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சான்றாகக் கொள்ளப்படும் சட்டம் அது. ஈழத்தமிழருக்கு வீடு கொடுத்தவர், பேட்டரி வாங்கிக் கொடுத்தவர், கூடப் பழகியவர் எல்லாம் வழக்கில் வந்தார்கள். 1998 ஜனவரி 28 அன்று பூவிருந்தவல்லி தனி நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களில் பத்தொன்பது பேர் மீதான மரண தண்டனையை நீக்கி விடுவித்தது. தடா இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றும் சொன்னது. அந்தப் பத்தொன்பது பேர் கழித்த எட்டு வருடத்தில் நாங்கள் என்ன செய்தோம்? பூவிருந்தவல்லி எங்களிடமிருந்து பஸ் தூரத்தில் இருந்தது. பெரும்பாலானவர்கள் அந்த வழியாகப் போகும்போது பேச்சைக் குறைத்துக்கொண்டதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

பயத்தை மன்னிக்கலாம் என்று நினைக்கிறேன். பயத்தோடு சேர்ந்து நாங்கள் செய்த கொடுமையை மன்னிக்க முடியவில்லை. கொலை நடந்த சில வாரங்களில் ஈழ அகதிகளை நாங்கள் பார்த்த பார்வை மாறிவிட்டது. 1983-இல் ஊர்வலம் போய், சோறு பொங்கிப் போட்டு, வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட அதே நாங்கள், 'சிலோன்காரரா?' என்று கேட்டுவிட்டு வாடகைக்கு வீடு இல்லை என்றோம். அகதிப் பிள்ளைகள் பள்ளி கல்லூரிகளில் சேரத் தடைகள் வந்தபோது வாய் திறக்கவில்லை. 1992 தொடக்கத்தில் அவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். போகிறவர்கள் உண்மையில் சம்மதித்துத்தான் போகிறார்களா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. எங்கள் பக்கத்து செங்கல்பட்டில் சிறப்பு முகாம் என்ற பெயரில் ஆட்களை அடைத்து வைத்தார்கள். அதன் வாசலில் எங்கள் மாவட்டத்து எழுத்தாளர்கள் எத்தனை பேர் போய் நின்றோம்? படத்தில் தமிழரைச் சந்தேகத்துக்குரியவராகக் காட்டுகிறார்கள் என்று பிற்பாடு கொதித்தோம். அந்தச் சந்தேகத்தை எங்கள் தெருவில் முதலில் நாங்கள்தான் காட்டினோம்.

இதே கதையின் இன்னொரு முனையும் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. இந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரையும் தூக்கிலிட நாள் குறித்த 2011 ஆகஸ்ட் மாதத்தில், 28-ஆம் தேதி, காஞ்சிபுரத்தில் மக்கள் மன்றத்தைச் சேர்ந்த இளம்பெண் செங்கொடி தீக்குளித்து இறந்தார். இரண்டு நாள் கழித்து உயர் நீதிமன்றம் தூக்குக்குத் தடை விதித்தது, அன்றே சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. அவர் உயிரோடு இருந்து போராடியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம், அந்தச் சாவைப் போற்ற என்னால் முடியாது. ஆனால் ஒரு பெண் அந்த முடிவுக்குப் போகிற அளவுக்குத் தனித்து விடப்பட்டதில் எங்களுக்குப் பங்கு இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை சுவரொட்டி ஒட்டுகிறோம். அவர் எப்படி வளர்ந்தார், எதைப் படித்தார், பழங்குடி மக்களோடும் கூலிக்காரர்களோடும் அவருடைய தோழர்கள் அன்றாடம் என்ன வேலை செய்தார்கள் என்பதை ஒரு நல்ல கட்டுரையாகக்கூட நாங்கள் எழுதிவைக்கவில்லை. நாளைக்கு ஒரு மும்பைக் கம்பெனி இதையும் எடுக்கும். அப்போது அவரை ஆவேசக்காரியாகவோ தெய்வமாகவோதான் காட்டும். நாங்கள் மறுபடியும் தடை கேட்போம்.

சினிமாவில் எங்கள் மாவட்டத் தலைநகரின் பெயரையே தாங்கி வந்த படம் ஒன்று உண்டு. பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' 2007-ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தேசிய விருது பெற்றது, பிரகாஷ் ராஜுக்கும் விருது கிடைத்தது. மகளுக்குப் பட்டுடுத்திக் கட்டிக்கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, முதலாளி வீட்டுத் தறியிலிருந்து இழை இழையாகப் பட்டு நூலை வாயில் ஒளித்து எடுத்துவருகிற கதை. பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டு இல்லை என்பதையும், தறிக்காரர்கள் சங்கம் கட்டிய காலத்தையும் ஒரு மலையாள இயக்குநர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். கோர்வை போட உட்காரும் சிறுவர்களைத் தினம் பார்த்து வளர்ந்த நாங்கள் அதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

உத்திரமேரூர் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஊர்ச்சபைக்கு ஆள் எடுப்பது எப்படி, யார் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்று முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் கல்லில் வெட்டி வைத்த ஊர். தேர்தல் விதியைக்கூடக் கல்லில் பதித்தவர்களின் மண்ணில் ஒரு தேர்தல் கூட்டத்தில் அத்தனை பேர் செத்தார்கள். 2003-இல் ஸ்ரீபெரும்புதூரில் அரசு ஒரு நினைவிடம் திறந்தது. கல் தூண்கள் இருக்கின்றன, தலைவர்கள் வந்து மலர் வைக்கிறார்கள். அரசு தன் பங்கைச் செய்தது. ஊர் தன் பங்கைச் செய்யவில்லை.

வேலை கடினமில்லை. வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் நூலகங்களில் வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. கல்லூரிகளில் தமிழ்த் துறையும் காட்சித் தொடர்பியலும் இருக்கின்றன, ஒவ்வொரு மாணவர் கையிலும் பேச்சைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது. பணியில் இறந்த காவலர்களின் வீடுகளுக்குப் போக வேண்டும், அன்று காயம்பட்டவர்களிடமும் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் அன்றிரவு வேலை பார்த்தவர்களைத் தேட வேண்டும். வழக்கில் சிக்கி விடுதலையான குடும்பங்கள் பேச விரும்பினால் கேட்க வேண்டும், விரும்பாவிட்டால் விட்டுவிட வேண்டும். அகதி முகாமில் பிறந்து இன்று நாற்பதை நெருங்குகிறவர்களிடம் அந்த வருடம் அவர்கள் வீட்டில் என்ன பேசினார்கள் என்று கேட்க வேண்டும். காங்கிரஸ்காரர், தி.மு.க.காரர், புலி ஆதரவாளர், எந்தக் கட்சியுமில்லாத தறிக்காரர் என எல்லார் வாக்குமூலமும் ஒன்றுக்கொன்று முட்டும். முட்டட்டும். அந்த முட்டல் எந்த த்ரில்லருக்குள்ளும் அடங்காது.

தென்னேரியில் சிலரிடம் இதைப் பேசத் தொடங்கியிருக்கிறேன். முதலில் போக நினைப்பது அன்றிரவு மைதானத்துக்குப் போய்விட்டுத் திரும்பியும் இதுவரை யாரிடமும் வாய்திறக்காத ஒரு முதியவரின் வீட்டுக்கு. அவர் சம்மதம் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தான் சொல்வதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுத வேண்டும் என்று.