காசு வாங்காத கோச்சுக்கும் விசாரணை வேண்டும்



குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போதும் தென்காசிப் பிள்ளைகளுக்குக் காலையில் கபடியும் ஓட்டமும் சொல்லிக்கொடுக்க உங்களில் சிலர் காசு வாங்காமல் வருகிறீர்கள். பார்க்கும்போது மனசு நிறைகிறது. அதனால்தான் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளப் பயிற்சியாளர் போக்சோ சட்டத்தில் கைதானது நினைவிருக்கும். ஒரு பெண் புகார் கொடுத்த பிறகுதான் மற்றவர்களும் வாய் திறந்தார்கள்.

2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளின்படி, விளையாட்டு அகாடமிகளும் தங்கள் ஊழியர்களுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் செய்ய வேண்டும். குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியும் தர வேண்டும். ஆனால் விதி பேசுவது ஊழியர்களைப் பற்றித்தான். ஊர்க் கிளப்புக்குச் சேவையாக வருபவரை யார் விசாரிப்பது? ‘சும்மா வர்றவரைப் போய் எப்படிக் கேட்க?’ என்று கூச்சப்படுகிறோம். தப்பானவனுக்கு அந்தக் கூச்சமே வாசல்.

வெரிஃபிகேஷன் மட்டும் போதாது. ஏற்கெனவே மாட்டியவன்தான் அதில் தெரிவான். ஆகவே பயிற்சியிலும் வெளியூர்ப் போட்டியிலும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தனியாக மெசேஜ் கூடாது; பெற்றோர் இருக்கும் குரூப்பில் போடுங்கள். 1098 என்ற எண்ணை ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கோச்சாக இருக்கும் என் மாணவர்களே, கிளப் கேட்கும் முன் நீங்களே வெரிஃபிகேஷனுக்கு விண்ணப்பியுங்கள். நல்லவன் முதலில் கொடுத்துவிட்டால், அடுத்து வருபவன் மறுக்க முடியாது.

அன்புடன்,
உங்கள் சார்