சுத்தியலுக்குப் பலியாகும் கண்கள்



தோட்ட மருந்தகம் என்றால் காய்ச்சல், இருமல், அரிவாள் வெட்டு, செம்பனை முள் குத்து என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும் காயங்களைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இந்த முறை அதைத்தான் பேசப் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞன் என்னிடம் வந்தான். "டிரஸர் ஐயா, முந்தாநாளு கண்ணுல தூசி விழுந்திருச்சு. வீட்டுல தாய்ப்பால் ஊத்தினாங்க, கேக்கல" என்றான். கண் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். என்ன வேலை செய்தாய் என்று கேட்டேன். புல்டோசர் செயினை இழுக்கும் பல்சக்கரத்தின் உள்ளே பேரிங் இறுகிப் போய்விட்டதாம். "எடுக்க வரல, சம்மட்டியால நாலு போடு போட்டோம்" என்றான். கேட்டதும் எனக்குப் பகீரென்றது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கண்ணுக்குள்ளே எள்ளில் பாதி அளவு இரும்புச் சில்லு இருந்தது. ஆபரேஷன் நடந்தது. ஆனால் பழைய பார்வை திரும்பவில்லை.

பேரிங் வளையம் சாதாரண இரும்பு அல்ல, சூடேற்றிக் கடினமாக்கிய எஃகு. சுத்தியல் முகமும் அப்படித்தான். இரண்டும் மோதினால் நசுங்காது, சில்லாகத் தெறிக்கும். வேகமாக வரும் சில்லு கண்ணுக்குள் போவது பல நேரம் தெரிவதே இல்லை; வலியும் குறைவு. உள்ளே சீழ் பிடித்தால் ஓரிரு நாளில் கண் போகும். சீழ் பிடிக்காவிட்டாலும், இரும்பு கரைந்து நாளடைவில் விழித்திரையைக் கெடுக்கும்.

"அவன் கண்ணாடி போடல, அவன் தப்பு" என்று சொன்னவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த ஒர்க்‌ஷாப்பில் பேரிங்கை இழுத்தெடுக்கும் புல்லர் இருந்ததா? அழுத்தித் தள்ளும் பிரஸ் இருந்ததா? இல்லை. "நாளைக்கு டோசர் ஓடணும்" என்ற அவசரம் மட்டும்தான் இருந்தது. டோசர் விலைக்கு முன்னால் ஒரு புல்லரின் விலை என்ன பெரிய விலை? கண்ணாடி மங்குகிறது, வியர்க்கிறது என்று தொழிலாளி சொல்வதும் நியாயமே. அப்படியானால் முகத்துக்குப் பொருந்துகிற கண்ணாடியை ஆளுக்கு ஒன்றாக வாங்கிக் கொடுக்க வேண்டும். அடிப்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் விளக்குப் பிடிப்பவருக்கும் வேண்டும்.

செயினைத் தளர்த்தும்போது இன்னோர் ஆபத்தும் உண்டு. செயினை இறுக்கி வைத்திருக்கும் சிலிண்டரில் கிரீஸ் மிகுந்த அழுத்தத்தில் நிற்கிறது. வால்வை ஒரேயடியாகக் கழற்றாமல், நேர் எதிரே நிற்காமல், ஒதுங்கி நின்று மெதுவாகத் திருப்புங்கள். பீறிட்ட கிரீஸ் விரலில் புகுந்தால் ஊசி குத்தின மாதிரிதான் தெரியும். பிதுக்காதீர்கள், "நாளைக்குப் பாக்கலாம்" என்று தூங்கிவிடாதீர்கள். உள்ளே சதை அழுகும். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் வெட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் விரலே போகலாம்.

சுத்தியல் வேலைக்குப் பிறகு கண் உறுத்தினால் தேய்க்காதீர்கள். தாய்ப்பால், எண்ணெய், கடைச் சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். கண்ணை அழுத்தாமல், ஒரு காகிதக் கோப்பையை மேலே மூடி ஒட்டிக்கொண்டு வாருங்கள். "சுத்தியலால் அடிச்சேன்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். விபத்தை அன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். சொக்சோ பாதுகாப்பு 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உண்டு.

பாதுகாப்பான கருவியும் முறையும் தருவது முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உடனடி ஆபத்து உண்டு என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, அதை நீக்க முதலாளி எதுவும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

ஆகவே தோழர்களே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சம்பளப் பேச்சோடு இதையும் கேளுங்கள்: "நம்ம ஒர்க்‌ஷாப்புல புல்லர் இருக்கா?" பேரிங் போனால் வேறு பேரிங் வாங்கலாம். கண்ணை எந்தக் கடையில் வாங்குவது?