திரையைப் பிடிக்கும் பிளகின்

பெட்ரோல் பங்க் பம்பிலும், ஐசியு படுக்கையருகே இதயத்துடிப்பைக் காட்டும் பெட்டியிலும், கார் டாஷ்போர்டிலும் உள்ள சின்னத் திரைகள் பலவற்றுக்குள் லினக்ஸ்தான் ஓடுகிறது. டெஸ்க்டாப் கிடையாது; பவர் வந்ததும் ஒரே ஒரு செயலி திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அந்தச் செயலிக்கும் படம் வரையும் ஜிபியுவுக்கும் நடுவே ஒரு சிறு பிளகின் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் அவதிப்படுவது அங்கேதான். அந்த அவதியில் பாதி தேவையே இல்லாதது என்பது என் கட்சி.

ராஸ்ப்பெரி பை 4 என்ற சிறு கணினிப் போர்டை எடுத்துக்கொள்வோம். க்யூட்டி என்ற நிரல் கட்டமைப்பில் எழுதிய செயலியை அதில் ஓட்ட இஜிஎல்எஃப்எஸ் என்ற பிளகின் வேண்டும். அது தனக்குக் கீழே இன்னொரு பிளகினை ஏற்றும். லினக்ஸின் மையமான கர்னலில் திரையை நிர்வகிக்கும் கேஎம்எஸ் வழியாகத் திரையைப் பிடிப்பது அந்த இரண்டாவதன் வேலை. இரண்டின் பெயரையும் சரியாகக் கொடுத்த பிறகும் சில நேரம் திரை கறுப்பாகவே நிற்கும். நேற்று ஓடிய அதே போர்டு, ரீபூட் செய்த பிறகு இன்று ஓடாது.

காரணம் வன்பொருளில் இருக்கிறது. மேசைக் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டில் படத்தை வரைவதும் மானிட்டருக்கு அனுப்புவதும் ஒரே சாதனம். இத்தகைய கருவிகளில் வரும் ஆர்ம் சிப்புகளில் பெரும்பாலும் இவை தனித்தனி வன்பொருள்கள். பல சமயம் வடிவமைத்த நிறுவனங்களும் வேறு வேறு. பை 4இல் முப்பரிமாணம் வரைவது வி3டி, திரைக்கு அனுப்புவது விசி4. கர்னல் இரண்டுக்கும் கார்டு0, கார்டு1 என்று எண் கொடுக்கிறது. எந்த டிரைவர் முந்துகிறதோ அதற்கு 0. பிளகின் போய் வி3டியிடம் திரை கேட்டால் அது எங்கிருந்து கொடுக்கும்? ஆகவே எண்ணை நம்பக் கூடாது. கேஎம்எஸ்ஸுக்கான ஜேசன் கோப்பில், பூட்டுக்குப் பூட்டு மாறாத வழிப்பெயரால் விசி4ஐச் சுட்ட வேண்டும். வரைவதற்கு வி3டியைத் தேடிச் சேர்ப்பதை மெசா என்ற திறந்த கிராஃபிக்ஸ் நூலகம் தானே பார்த்துக்கொள்ளும்.

கறுப்புத் திரையைவிட மோசமானது, தவறாக இருந்தும் படம் காட்டும் திரை. ஜிபியு டிரைவர் கிடைக்காவிட்டால் மெசா சத்தமில்லாமல் சிபியுவை வைத்தே வரைய ஆரம்பித்துவிடும். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் டாஷ்போர்டுத் திரையின் முள் திக்கித் திக்கி நகரும், சிப் கொதிக்கும். ரெண்டரர் பெயர் எல்எல்விஎம்பைப் (சிபியுவில் வரையும் மெசாவின் பகுதி) என்று வந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். இன்னொன்று: பயனரை வீடியோ, ரெண்டர் குழுக்களில் சேர்க்காமல், அனுமதிப் பிழை வருகிறதே என்று செயலியை முழு அதிகாரம் கொண்ட ரூட்டாக ஓட்டி அப்படியே வாடிக்கையாளருக்கு அனுப்பும் பழக்கம். மருத்துவக் கருவியில் அதைச் செய்வதை என்னால் ஏற்கவே முடியாது.

இவையெல்லாம் கற்றுக்கொண்டால் தீரும் சிக்கல்கள். தீராதது மூடிய டிரைவர். மூலநிரல் இல்லாமல் பைனரியாக மட்டும் வரும் ஜிபியு நூலகம், தன் பதிப்போடு பொருந்தும் கர்னல் மாட்யூலை எதிர்பார்க்கும். அந்த மாட்யூல் விற்பனையாளரின் பழைய கர்னலை எதிர்பார்க்கும். பாதுகாப்புக்காகக் கர்னலை மாற்றினால் படம் போய்விடும். படம் வேண்டுமென்றால் ஓட்டை நிறைந்த கர்னலோடு இருக்க வேண்டும். வன்பொருள் நன்றாக இருந்தும் இதனாலேயே ஓரங்கட்டப்பட்ட கருவிகளைப் பார்த்திருக்கிறேன். மனம் ஆறவில்லை.

இந்தக் கட்டை அவிழ்த்தவர்களை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆர்ம் நிறுவனத்தின் மாலி ஜிபியுவுக்குத் திறந்த டிரைவர் எழுத முடியும் என்று 2012இல் பிரசல்ஸின் ஃபாஸ்டெம் மாநாட்டில் லீமா என்ற டிரைவரைக் காட்டினார் லுக் வெர்ஹேகன். நிறுவனத்தின் ஆவணம் எதுவும் கையில் இல்லாமல், ஜிபியுவுக்குப் போகும் கட்டளைகளைக் கவனித்துக் கவனித்துக் கண்டுபிடித்த வேலை அது. பிந்தைய மாலிகளுக்கு அலிசா ரோசன்ஸ்வைக் முதலியோர் பான்ஃப்ராஸ்ட் டிரைவரை எழுதினார்கள். 2019இல் வந்த லினக்ஸ் 5.2இல் இரண்டுமே கர்னலுக்குள் சேர்ந்தன. ராஸ்ப்பெரி பைக்கு வழி வேறு: 2014இல் பிராட்காம் தன் வீடியோகோர் 4 ஜிபியுவின் ஆவணங்களை வெளியிட்டது, எரிக் அன்ஹோல்ட் விசி4 டிரைவரை எழுதினார்.

ஆகவே போர்டு வாங்குபவர்களுக்கும் அரசு டெண்டர் எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரேம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம் என்று எழுதும் பட்டியலில், ஜிபியு டிரைவர் பொதுக் கர்னலிலும் மெசாவிலும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள்.