பேட்டை ராப்புக்கு எந்த மைக்?

"அண்ணா, ரெக்கார்டிங்குக்கு எந்த மைக் வாங்கலாம்?" எங்க பொதட்டூர்பேட்டையில இப்படிக் கேக்குற பசங்க எண்ணிக்கை வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது. எல்லாம் இருபது வயசுப் பசங்க. பாதிப் பேர் வீட்டுல தறி ஓடுது. மீதிப் பேருக்குப் பக்கத்து வீட்டுல ஓடுது. போன்ல ஒரு பீட்டைப் போட்டு அதுமேல பாடி வெச்சிருக்கானுங்க. சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே இருக்கு. தமிழும் தெலுங்கும் ஒரே வரியில வருது, எல்லையோர ஊரு ஆச்சே!

இப்ப அதை 'ஸ்டூடியோ குவாலிட்டி'யில பண்ணணுமாம். கையில பத்துப் பதினஞ்சாயிரம் இருக்கு. அந்தக் காசு எப்படி வந்துச்சுன்னு அவனுங்க சொல்ல மாட்டானுங்க. தறி வீடுகளை அறிஞ்சவனுக்குக் கேக்காமலே தெரியும். அம்மா சீட்டு எடுத்திருப்பாங்க, இல்லாட்டி கூலியில கழிச்சிக்கச் சொல்லி அப்பா முன்பணம் வாங்கியிருப்பாரு. அதனால இந்த விஷயத்துல எனக்குக் கொஞ்சம் காரமாவே ஒரு கருத்து உண்டு.

வீட்டு ஸ்டூடியோவுக்கு என்னென்ன வேணும்னு வீடியோவுல ஒரு லிஸ்ட் சொல்லுவாங்க பாருங்க. முதல்ல கான்டென்சர் மைக். அப்புறம் இன்டர்ஃபேஸ், ரெண்டு மானிட்டர் ஸ்பீக்கர், சுவத்துல ஒட்டக் கருப்பு ஃபோம். அந்த லிஸ்ட் தப்பில்ல. ஆனா அது அமைதியான ரூமுல உக்காந்து போட்ட லிஸ்ட். நம்ம ஊருக்கு அது அப்படியே தலைகீழ்.

ஏன்னா நமக்கு முதல் எதிரி சத்தம். விசைத்தறி ஓடுற கொட்டகைக்குள்ள 90 டெசிபலுக்கு மேல போகும். பக்கத்துல நிக்கிறவன்கிட்ட கத்திதான் பேசணும். அதுல ரெண்டு வகை இருக்கு. நாடா அடிக்கிற 'டக் டக்' காத்து வழியா வருது. அதை ஜன்னலைச் சாத்தினா ஓரளவு குறைக்கலாம். தறி மொத்தமா குலுங்குற அதிர்வு இருக்கே, அது தரை வழியா, சுவர் வழியா வருது. மைக் ஸ்டாண்டோட கால் வழியாவே ஏறிடும். இதுக்குக் கருப்பு ஃபோம் ஒண்ணும் பண்ணாது. ஃபோமோ முட்டை அட்டையோ, ரூமுக்குள்ள நம்ம குரல் எதிரொலிக்கிறதை, அதுவும் மேல் ஸ்தாயியை மட்டும்தான் கொஞ்சம் குடிக்கும். வெளியில இருந்து வர்றதைத் தடுக்கணும்னா கனம் வேணும். செங்கல், மணல் மூட்டை, துணி அடைச்ச பீரோ, இப்படி. ஃபோமுக்குக் குடுக்குற காசை வீட்டுல குடுங்க, மளிகையாவது வாங்குவாங்க.

சரி, மைக்குக்கு வருவோம். ஆன்லைன்ல ஸ்டாண்டு, கவர், கிளிப்பு எல்லாம் சேர்த்து சல்லிசா ஒரு கான்டென்சர் கிட் விக்குது. போட்டோவுல பாக்க ஜம்முனு இருக்கும். வேணாம். கான்டென்சர் நுணுக்கமானது. நீங்க மூச்சு விடுறதையும் பிடிக்கும், மூணாவது வீட்டுத் தறியையும் பிடிக்கும். அதுக்காக, 'டைனமிக் மைக்னா பக்கத்துச் சத்தத்தை மட்டும்தான் எடுக்கும்'னு சில பேர் சொல்றதும் முழு உண்மையில்ல. மைக்குக்கு ஏதுங்க பக்கத்து வீடு, தூரத்து வீடுன்னு? டைனமிக்கோட லாபம் வேற. அதை வாயோட ஒட்டி வெச்சிக் கத்தலாம், தாங்கும். தூரம் பாதியாகும்போது நம்ம குரல் 6 டெசிபல் கூடுது. ரெண்டு அடி தள்ளி நின்னவன் அரை அடிக்கு வந்தா 12 டெசிபல் கூடும். தறிச் சத்தம் எங்க நின்னாலும் அதே அளவு. ஆக நாலு விரக்கடை தூரத்துல வாயை வெச்சிப் பாடினா, குரல் மேல ஏறி தறி கீழ போயிடும். அதோட மைக்கோட முதுகு தறி இருக்கிற பக்கம் பாக்கணும். கார்டியாய்டு வகை மைக் முதுகுப் பக்கம் ரொம்பக் கம்மியாத்தான் கேக்கும்.

இதுக்கு ஷ்யூர் எஸ்எம்58 போதும். 1966-ல வந்த மைக். கச்சேரி மேடையில இருந்து கட்சிக் கூட்டம் வரைக்கும் பார்த்திருப்பீங்க. போலி நிறைய சுத்துது, அதனால பில்லோட வாங்குங்க. செகண்ட் ஹாண்டுல கிடைச்சாலும் தைரியமா வாங்கலாம், கீழ போட்டாலும் சாகாத ஜாதி அது. டைனமிக்னா மட்டம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: 1982-ல வந்த 'த்ரில்லர்' ஆல்பத்துல மைக்கேல் ஜாக்சன் குரலுக்கு எஞ்சினியர் ப்ரூஸ் ஸ்வீடியன் வெச்சது ஷ்யூரோட எஸ்எம்7, டைனமிக்தான். அதோட இன்றைய வடிவம் எஸ்எம்7பி. யூட்யூபுல பாதிப் பேர் முகத்துக்கு முன்னாடி தொங்குது. அதை வாங்கிடாதீங்க. விலை ஒரு பக்கம் இருக்கட்டும், அதோட சிக்னல் எஸ்எம்58-ஐ விடச் சின்னது. மலிவான இன்டர்ஃபேஸ்ல 'உஸ்ஸ்'னு இரைச்சல் வரும் வரைக்கும் திருகிக்கிட்டே இருக்கணும்.

"ஏஐ-ல போட்டு தறிச் சத்தத்தை எடுத்துடலாம்ணா"ன்னு ஒரு தம்பி சொன்னான். ஃபேன் மாதிரி ஒரே சீரா ஓடுற இரைச்சலை எடுக்கலாம், ஒத்துக்கிறேன். நாடா அடி அப்படியில்ல. அது நறுக்குனு வெட்டுற சத்தம். ராப்புல நமக்கு உசிரே 'ட்', 'க்', 'ப்' தானே? மெஷின் ரெண்டையும் சேர்த்துச் சீவிடும். மிச்சம் இருக்கிற குரல் தண்ணித் தொட்டிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும். மெல்லினம் மட்டும் பாடுற ராப் எங்கயாவது இருந்தா சொல்லுங்க :-)

இனிமேதான் முக்கியமான விஷயம். இந்த ஊர்ல நிஜமான அமைதி எப்ப வரும்? கரண்ட் போனா வரும். ஜெனரேட்டர் வெச்ச ஒண்ணு ரெண்டு ஷெட்டைத் தவிர, ஊரே கப்சிப். அப்ப நம்ம ஸ்டூடியோ ஓடணும். அதனால நான் ஒவ்வொரு சாமானுக்கும் கேக்குற முதல் கேள்வி, 'இது பேட்டரியில ஓடுமா?' டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் அங்கயே அவுட். பழைய லேப்டாப்பா இருந்தாலும் பரவாயில்ல, பேட்டரி ரெண்டு மணி நேரம் நிக்கணும். பேட்டரி மாத்த ஆகுற செலவு மைக்கை விட முக்கியமான செலவு. இன்டர்ஃபேஸ் யூஎஸ்பி ஒயர்லயே மின்சாரம் எடுத்துக்கிறதா இருக்கணும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி சின்னப் பெட்டி போதும், ஒருத்தன் பாட ஒரு ஓட்டை போதாதா? தனி அடாப்டர் கேக்குற மாடல் வேணாம். இதுல இன்னொரு லாபமும் உண்டு. வீட்டு எர்த் சரியில்லாத இடத்துல சார்ஜர் மாட்டினா 'ஹ்ம்ம்'னு ஒரு முனகல் வரும் பாருங்க, நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்டோட முனகல். சார்ஜரைப் பிடுங்கினா பெரும்பாலும் அது போயிடும்.

தறியை நிறுத்தச் சொல்லலாமேன்னு வெளியூர்க்காரங்க கேக்கலாம். அதுக்கு எனக்கு வாய் வராது. தறி நின்னா கூலி நின்னுடும். அந்தக் கூலியிலதான் மைக்கே வந்திருக்கு.

ஸ்பீக்கர் இப்போதைக்குத் தேவையே இல்ல. காதை முழுசா மூடுற ஹெட்போன் ஒண்ணு வாங்குங்க. மூடாததா இருந்தா பீட் ஒழுகி மைக்குக்குள்ள போயிடும். சோனி எம்டிஆர் 7506 ஸ்டூடியோக்கள்ல வருஷக்கணக்கா பொழைக்கிற மாடல். மிக்ஸ் எப்படி இருக்குன்னு சரிபார்க்க ஷேர் ஆட்டோ டிரைவர்கிட்ட பென் டிரைவைக் குடுங்க. கேக்கப் போறவங்க அங்கதான் இருக்காங்க.

சாஃப்ட்வேருக்குப் பைசா செலவு பண்ண வேணாம். ஆடாசிட்டி இலவசம். ரீப்பர் 60 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம், அப்புறம் மனசாட்சிப்படி லைசென்ஸ் வாங்கிக்கலாம். பாப் ஃபில்டரா? நெசவு ஊர்ல இருந்துக்கிட்டு அதைக் காசு குடுத்து வாங்குறவனை என்ன சொல்ல! எம்ப்ராய்டரி வளையத்துல மெல்லிசா ஒரு துணியை இழுத்துக் கட்டுங்க. பின்னாடி ரெண்டு கம்பளி, ஒரு பஞ்சு மெத்தை. மே மாசத்துல அதுக்குள்ள பத்து நிமிஷத்துக்கு மேல நிக்க முடியாது, ஃபேனும் போடக்கூடாது. பாட்டைச் சுருக்கமா எழுதிக்குங்க.

சாமான் கம்மியா இருக்கேன்னு ஏங்குறவங்களுக்காக இது. யாழ்ப்பாணத்துல வளர்ந்து லண்டன் போன மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தன்னோட முதல் டெமோவைப் பண்ணினது ரோலண்ட் எம்சி-505 பெட்டி ஒண்ணு, செகண்ட் ஹாண்டு நாலு டிராக் டேப் மெஷின் ஒண்ணு, ஒரு மைக், அவ்வளவுதான். அந்தப் பெட்டியும் ஒரு தோழியோடது. அதுல பொறந்த 'கலாங்' 2003-ல வந்துச்சு, 'அருளர்' ஆல்பம் 2005-ல. நம்ம பக்கம் திருத்தணி தாண்டினா அரக்கோணம். அந்த ஊர்க்காரர் அறிவு. 2021-ல 'என்ஜாய் எஞ்சாமி'யை உலகமே பாடிச்சு. அந்தப் பாட்டுல நிலமும் பாட்டன் பூட்டனும் வந்த மாதிரி, பேட்டைப் பசங்க பாட்டுல தறி வந்தா என்ன?

அப்படின்னா விரட்டிக்கிட்டு இருந்த சத்தத்தையே உள்ள கூப்பிடலாம். சாதா விசைத்தறி நிமிஷத்துக்கு நூத்துச் சொச்சம் பிக் அடிக்கும். ஹிப் ஹாப் பீட் 90 சுமாருக்கு நடக்கும். போன்லயே ஒரு நிமிஷம் தறியைப் பதிவு பண்ணி, கொஞ்சம் நிதானமாக்கி, அடியில ஒரு கிக் டிரம் வெச்சிப் பாருங்க. எந்த சாம்பிள் பேக்குலயும் அது கிடைக்காது. ஆனா குரலை மட்டும் அமைதியிலதான் எடுக்கணும். மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்துறதா அறிவிச்சா, முந்தின ராத்திரியே லேப்டாப்பை முழுசா சார்ஜ் போட்டு வெச்சிடுங்க. வரிகளை மனப்பாடம் பண்ணிக்கங்க. சாயங்காலம் கரண்ட் வந்துடும்.