ரிவெர்ப் எங்கே போச்சு?

திருவண்ணாமலை கோயிலின் கருங்கல் மண்டபத்தில் பாடினால், பாடி முடித்த பிறகும் குரல் சற்று நேரம் நிற்கும். கிட்டார்காரர்கள் இதை 'ரிவெர்ப்' என்பார்கள். பல வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் இந்த ஓசையைத் தருவது சாதாரண ஸ்பிரிங்தான்! 1963-ல் ஃபெண்டர் நிறுவனம் இதை ஆம்ப்புக்குள்ளேயே வைத்து விற்றது.

ரிவெர்ப் வரவில்லையா? அதன் குமிழைக் கூட்டிவைத்து, ஆம்ப்பை லேசாகத் தட்டுங்கள். இடிபோல் சத்தம் கேட்டால் ஸ்பிரிங் நலம். ஒலியை அதற்கு அனுப்பும் பக்கத்தில்தான் கோளாறு. சத்தமே இல்லையென்றால் திரும்பி வரும் பக்கத்தைச் சந்தேகியுங்கள். எதுவானாலும், ஆம்ப்பை அணைத்துவிட்டு, ஸ்பிரிங் பெட்டியின் இரண்டு கேபிள்களையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். பாதிப் பிரச்னை அங்கேதான் இருக்கும்.

அப்படியும் சரியாகவில்லையா? உள்ளே கை வைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் தேங்கியிருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.