வௌவாலின் மேல் ஒரு வழக்கு

உத்திரமேரூரில் எங்கள் தெருக்கோடியில், ஏரிக்கரையை ஒட்டி, ஓர் இலுப்பை மரம் நிற்கிறது. பகலெல்லாம் அதில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. மரத்தை வெட்டிவிட வேண்டும் என்று ஒரு மனு தயாராகி, போன வாரம் என் கையெழுத்துக்காக வந்தது. கொண்டுவந்தவர் என் நெடுநாளைய நண்பர், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர், நாலும் தெரிந்தவர். எச்சம், நாற்றம், இரைச்சல், வியாதி என்று மனுவில் நான்கு குற்றச்சாட்டுகள். நான் தயங்குவதைப் பார்த்து, "என்ன ஸார், வௌவாலுக்கு வக்காலத்தா?" என்றார். மதுரையில் ஒரு விஞ்ஞானி வௌவாலைக் கவனிப்பதிலேயே வருஷக்கணக்காகச் செலவிட்டிருக்கிறார் என்று சொன்னேன். சிரித்தார். "அதனாலே ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்?"

இந்தக் கேள்வி எனக்கு அலுத்துவிட்டது. படித்தவர்கள்தாம் இதை அதிகம் கேட்கிறார்கள். கோடி ரூபாயில் ஒரு கல்யாண மண்டபம் எழும்பும்போது யாருக்கும் இது தோன்றுவதில்லை. ஒரு மனிதன் இருட்டுக் குகையில் உட்கார்ந்து ஒரு ஜந்துவைக் கவனித்தால் மட்டும் உடனே கணக்குக் கேட்கிறோம். சரி, கணக்கையே பார்ப்போம்.

எம். கே. சந்திரசேகரன் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்துவிட்டு 1970களில் மதுரைக்கு வந்தவர். காமராசர் பல்கலைக்கழகத்தில் பெரிய யந்திரங்கள் எதற்கும் அவர் காத்திருக்கவில்லை. ஊருக்குப் பக்கத்திலேயே குகை இருந்தது. குகையில் பூச்சி தின்னும் சிறு வௌவால்கள் இருந்தன. வெளிச்சமே எட்டாத அந்த இடத்தில் வௌவாலுக்குப் பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது? அவரும் மாணவர்களும் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்துக் குகைக்குள்ளேயே வைத்தார்கள். அது சூரியனைப் பார்க்கவில்லை. ஆனாலும் மற்றவை புறப்படும் நேரத்துக்கு அதுவும் சிறகடித்தது. அவை திரும்பும் நேரத்தில் அடங்கியது. கூட்டமே இல்லாத குகையில் வைத்தபோது, அதன் நேரம் நாளுக்கு நாள் தன் போக்கில் விலகிப் போயிற்று. உறவின் சந்தடிதான் அதற்குக் கடிகாரம். 1981இல் இது அச்சாகி உலகெங்கும் போயிற்று. 'வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு' என்று கேலி பேசத் தெரிந்த நமக்கு, அந்தத் தொங்கலுக்குள் இப்படி ஒரு சங்கதி இருப்பது தெரியவில்லை.

அவருடைய மாணவர் ஜி. மாரிமுத்து இன்னொரு வழியில் போனார். வௌவால் இருட்டில் வழி காண்பது கண்ணால் அல்ல, காதால் என்பது இத்தாலியில் ஸ்பல்லன்ஸானி 1790களிலேயே பட்ட சந்தேகம். அமெரிக்காவில் டொனால்ட் கிரிஃபின், அது நம் காதுக்கு எட்டாத குரலை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டே பறக்கிறது என்று 1940ஐ ஒட்டிய வருஷங்களில் நிரூபித்தார். விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியவில்லை. தவளையைப் பிடித்துத் தின்னும் ஒரு பெரிய வௌவால் நம் நாட்டில் உண்டு. மாரிமுத்துவும் ஜெர்மானியரான நாய்வைலரும் மதுரையில் அதைச் சோதித்தார்கள். தவளை அசைந்து சலசலப்பு உண்டாக்கினால் கும்மிருட்டிலும் வந்து கவ்விற்று; அசையாமல் உட்கார்ந்திருந்தால் கோட்டை விட்டது. தன் குரலைவிட இரையின் காலடியையே அது நம்புகிறது. 1987இல் வெளிவந்த இந்த ஆராய்ச்சியை வௌவாலைப் பற்றி எழுதுகிற வெளிநாட்டு அறிஞர்கள் இன்றும் எடுத்துக் காட்டுகிறார்கள். இதை ஒரு வார்த்தை தமிழில் சொல்லி என் நண்பர் காதில் போட்டவர் யார்?

ஒருவருமில்லை. அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு. என் நாவல்களில் வௌவால் எத்தனை தடவை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பாழடைந்த பங்களா என்றால் உடனே நாலு வௌவால். துர்மரணம் என்றால் ஜன்னலில் ஒன்று. இருபது வருஷமாக அதைக் கூலி கொடுக்காமல் வேலை வாங்கியிருக்கிறேன். 'வௌவாலுக்குக் கண் தெரியாது' என்று ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்துமிருக்கிறேன். அது சுத்தப் பொய்.

நண்பர் விடவில்லை. "நம்ம மரத்திலே இருக்கிறது குகை வௌவால் இல்லையே ஸார்" என்றார். நியாயம்தான். இது பெரியது, எதிரொலி கேட்டுப் பறப்பதில்லை, கண்ணையும் மூக்கையும் நம்பிப் பழத்தைத் தேடிப் போவது. ஆனால் இலுப்பைக்கும் வௌவாலுக்கும் உள்ள உறவையும் அதே மதுரைக்காரர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். ராத்திரியில் பூவைத் தேடி வரும் வௌவால் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு சேர்க்கிறது; பழத்தைத் தூக்கிக்கொண்டு போய் விதையை வேறிடத்தில் போடுகிறது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்கிறோமே, அந்தப் பூவில் நமக்கு முந்திய பாத்தியதை இதற்குத்தான். நம் பெரியவர்கள் கோயில் விளக்குக்கு ஊற்றிய இலுப்பெண்ணெயில் இதன் உழைப்பும் கலந்திருந்தது.

வியாதி விஷயத்தை நான் மழுப்பப் போவதில்லை. நிப்பா கிருமி பழந்தின்னி வௌவாலிடம் இருப்பது நிஜம். 2018இல் கேரளத்தில் அதனால் உயிர்கள் போயின. கடித்துப் போட்ட பழத்தைத் தொடாதே என்று சொல்லுங்கள், கேட்கிறேன். ஆஸ்துமாவுக்கு மருந்தென்று வௌவால் கறியைத் தேடிப் போகிறார்களே, அவர்களைத் தடுங்கள். மரத்தை வெட்டினால் வியாதி எங்கே போகும்? மிரண்டு சிதறி அடுத்த தெரு மாமரத்தில் போய்த் தொங்கும். அப்போது அந்தத் தெருவார் ஒரு மனு எழுதுவார்கள்.

சட்டமும் இதற்கு வெகுகாலம் நல்லது செய்யவில்லை. 1972இல் வந்த வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காக்கையோடும் சேர்த்து, தொல்லை தரும் பிராணிகள் ஜாபிதாவில் வைத்தது. அந்த ஜாபிதாவை எடுக்க 2022ஆம் வருஷத் திருத்தம் வரவேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் சில கிராமங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை; வௌவால் மிரளும் என்று தீபாவளிக்கு வேட்டே போடாமல் இருந்துவிடுகின்றன. அங்கே ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் குறைவு போலிருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பெருமையே வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுத்தான். பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், வாரியத்துக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று குடவோலைக்கு விதி செய்த ஊர் இது. கணக்குக் காட்டாதவனுக்கு வாரியத்தில் இடமில்லை என்று அதில் வெட்டியிருக்கிறது. வெளியூர்க்காரர்களை அழைத்துப்போய் அதைக் காட்டுவதில் என் நண்பரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பேர்ப்பட்ட ஊரில், எதிர்த்தரப்பை ஒரு வார்த்தை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதி, கையெழுத்துக்கு மட்டும் வீடு வீடாக அனுப்புகிறோம்.

மனு இன்னும் என் மேஜைமேல் கிடக்கிறது. இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டார். கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்துக்கு ஏரிக்கரைக்கு வரும்படியும் சொல்லியிருக்கிறேன். எச்சத்துக்குப் பயந்து குடையோடு வருவதாகப் பதில் வந்திருக்கிறது.